ஒரு யூனிட் மண்ணும் கால் கிலோ விதையும்

ஸ்தனிஸ்லாஸ் முப்பத்துநாலு வருஷம் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். திருவெறும்பூர் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. கையில் மைக்ரோமீட்டர், வாயில் 'ரிஜெக்ட்' என்கிற ஒரே வார்த்தை. இரும்பு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்காக எவன் திட்டினாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஓடியபின்னும் மார்க்கெட்டில் தேங்காய் வாங்கப் போனால் பத்தைத் தட்டி ஒன்பதைத் தள்ளி வைப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் புல் விதை வாங்கக் கிளம்பினால் விற்கிறவன் பாடு என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அவருக்குப் புல்லின்மேல் ஆசை ஒன்றும் கிடையாது. போன அக்டோபர் வரைக்கும் புல் என்று ஒன்று இருப்பதையே அவர் கவனித்ததில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு காலை, அவர் மனைவி அற்புதம்மாள் காப்பி டம்ளரை நீட்டினாள். டம்ளர் கையிலிருந்து நழுவியது. 'என்ன அற்புதம், பாத்து' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளும் விழுந்தாள். பக்கவாதம். இடது கை, இடது கால். பேச்சு கொஞ்சம் குழறியதே தவிரப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தெளிவுதான் அவளைப் படுத்தி எடுத்தது. தனக்கு என்ன ஆகிவிட்டது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

மஸ்கட்டிலிருந்து மகன் ரெஜிஸ் வந்து பதினைந்து நாள் இருந்தான், போய்விட்டான். வேலைக்கு வந்த அம்மா ஒரு மாதம் வந்தாள், நின்றுவிட்டாள். மிச்சம் இருந்தது ஸ்தனிஸ்லாஸ்தான். விடியும்போது அவளைப் புரட்டிப் படுக்கவைப்பதில் தொடங்கும். பல் தேய்த்துவிட்டு, உடம்பு துடைத்து, கஞ்சி வைத்து, மாத்திரை கொடுத்து, துணி அலசி, மதியச் சமையல் முடிந்து அப்பாடா என்று உட்கார்ந்தால் போனில் அலாரம் அடிக்கும், அடுத்த மாத்திரை. அறுபத்தெட்டு வயதில் அவருக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. அலுப்பு என்றால் படுத்து எழுந்தால் போகிற அலுப்பு இல்லை; எழுந்திருக்கும்போதே கூட எழுந்திருக்கிற அலுப்பு.

இதற்கிடையில் டிசம்பரில் இன்னொரு விழுகை. காம்பவுண்டுக்குள் முன்வாசல் முழுக்கச் சிமெண்டுத் தளம், இருபதடிக்குப் பன்னிரண்டடி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று படி இறங்கி அவள் நாலாவது எட்டு வைத்தபோது ஈரத்தில் கால் வழுக்கியது. எலும்பு முறியவில்லை, சேசுவே. ஆனால் நெற்றியில் ஏழு தையல். அன்றிலிருந்து அற்புதம்மாள் நிலைப்படியைத் தாண்டவில்லை. 'அந்தச் சிமெண்டைப் பாத்தாலே தலை சுத்துது' என்றாள். ஜன்னல் ஓரம் கட்டில், கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி, அதோடு சரி.

தில்லை நகர் கிளினிக்கிலிருந்து வாரம் மூன்று நாள் பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க லின்சி என்கிற பெண் ஸ்கூட்டியில் வருவாள். ஜனவரி கடைசியில் ஒருநாள் அவள் கிளம்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அங்கிள், ஒண்ணு சொல்லணும். முதல் ஆறு மாசத்துல எவ்வளவு திரும்புதோ அதுதான் பெருசு. அப்புறமும் வரும், ஆனா ரொம்ப மெதுவா வரும். ஆன்ட்டிக்கு நாலு மாசம் போயிடுச்சு. வீட்டுக்குள்ள சுவத்தைப் பிடிச்சு நடக்குறதெல்லாம் பத்தாது. வெளிய இறங்கணும்."

"இறங்கமாட்டேங்குறாளே."

"பயம் அங்கிள். கீழ மெத்துனு இருந்தா தைரியம் வரும். புல்லுத்தரை மாதிரி. கையும் அப்படித்தான். பந்தைக் குடுத்து அமுக்கச் சொன்னா, நான் என்ன பந்து விளையாடுற வயசான்னு கேக்குறாங்க. அந்த இடது கையை ஆன்ட்டி மறந்தே போயிட்டாங்க."

அது உண்மை. அந்தக் கை யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அவள் மடியில் கிடக்கும்.

லின்சி பேச்சுவாக்கில் சொன்னது 'புல்லுத்தரை மாதிரி'. ஸ்தனிஸ்லாஸ் அதை, ஃபாக்டரியில் இம்மி பிசகாமல் பின்பற்றுகிற டிராயிங்காக எடுத்துக்கொண்டார். காலண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஏப்ரல் முதல் வாரத்தோடு ஆறு மாதம் முடிகிறது. புல் கால் வைக்கிற பக்குவத்துக்கு வர நாற்பது நாளாவது ஆகும் என்று எங்கோ படித்தார். ஆக, பிப்ரவரி இருபதுக்குள் விதை மண்ணில் இருக்கவேண்டும். தேதியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். உள்ளே போய் மனைவியிடம், "வாசல் சிமெண்டை உடைச்சுட்டு மண்ணு கொட்டிப் புல்லு போடப்போறேன்" என்றார்.

அற்புதம்மாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ம்" என்றாள்.

ஏன், எதற்கு என்று அவர் சொல்லவில்லை. வாழ்நாளில் எதற்கும் காரணம் சொல்லி அவருக்குப் பழக்கம் கிடையாது. அந்த 'ம்'மைச் சம்மதம் என்று பதிந்துகொண்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அந்த இடம் இதுதான்.

முதலில் எந்தப் புல் காலுக்கு இதம் என்று தெரியவேண்டும் அல்லவா? பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒரு மணிநேரம் அற்புதத்தோடு உட்காரவைத்துவிட்டு, புல்தரை இருக்கிற இடமாகத் தேடிப்போய் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முன்னால் பச்சைப் பசேல் என்று புல். ஒரு பழுப்பு இல்லை, ஒரு திட்டு இல்லை. நாலு எட்டு நடந்தார். மெத்தென்று இருந்தது. குனிந்து ஒரு இதழைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. வாட்ச்மேன் கலையரசன் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், பொறுக்கமாட்டாமல் கிட்டே வந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"இது என்ன ஜாதிப் புல்லுங்க? இவ்வளவு ஒழுங்கா வளர்ந்திருக்கு."

"பிளாஸ்டிக்கு சார்."

ஸ்தனிஸ்லாஸ் செருப்பை மாட்டிக்கொண்டார். முப்பத்துநாலு வருஷத்து இன்ஸ்பெக்டரை அந்தப் புல் ஏமாற்றிவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும், வரவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி ரெண்டு ஸ்டாப் போய் இறங்கினார்.

அடுத்து மண். சிமெண்டை உடைத்து அள்ளியபிறகு அடியில் இருந்தது வெறும் கப்பியும் சரளையும். அதன்மேல் ஐந்து அங்குலத்துக்கு நல்ல மண் கொட்டவேண்டும். அவர் கணக்குப்படி ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி. மண் விற்கிற மூன்று பேரிடம் மாதிரிக்கு ஆளுக்கு ஒரு பை மண் வாங்கிவந்தார். மூன்று கண்ணாடி பாட்டிலில் பாதி மண், பாதி தண்ணீர் விட்டுக் குலுக்கி, அற்புதம்மாளின் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தார். மறுநாள் பார்த்தால் மணல் கீழே, வண்டல் நடுவில், களி மேலே என்று தனித்தனியாகப் படிந்திருக்கும். ஸ்கேலை வைத்து அளந்து எழுதினார். முதல் பாட்டில் செம்மண். காய்ந்தால் பாறையாகிவிடும், ரிஜெக்ட். இரண்டாவது பாட்டிலை வண்டல் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே இருந்தது வெறும் சவுடு, பள்ளம் நிரப்பத்தான் ஆகும். அதுவும் ரிஜெக்ட்.

மூன்றாவது, ஜீயபுரத்திலிருந்து பெரியண்ணன் கொடுத்தது. டிப்பர் லாரி வைத்திருக்கிறவர். பாட்டிலில் மூன்று அடுக்கும் சொல்லிவைத்த மாதிரி படிந்திருந்தன. ஸ்தனிஸ்லாஸ் போன் பண்ணி, சரி என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை.

பெரியண்ணன் மண்ணைக் கொட்டிவிட்டு நேர்மையாக ஒரு வார்த்தை சொன்னார். "சார், பின்னால என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. இது வாழை போட்டிருந்த கொல்லை மண்ணு. ஒருத்தர் வீடு கட்டுறாருன்னு மேல் மண்ணைச் செதுக்கி எடுத்தது. சத்து இருக்கு. ஆனா கோரைக்கிழங்கும் கண்ட வேரும் கெடக்கும்."

"எவ்வளவு கெடக்கும்?"

"அதை யாரு சார் எண்ணுனா?"

யார் எண்ணுவது? இவர்தான். சல்லடை வாங்கிவந்து நூறு கன அடி மண்ணையும் சலித்தார். மிளகு அளவுக் கோரைக்கிழங்கைக்கூட விடாமல் பொறுக்கி வாளியில் போட்டார். மாத்திரைக்கு நடுவில், கஞ்சிக்கு நடுவில், துணிக்கு நடுவில் என்று ஆறு நாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஐந்தாம் நாள் மண்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்தார். நிமிர்ந்தபோது ஜன்னலில் அற்புதம்மாளின் முகம் தெரிந்தது. ஜீயபுரத்தில் வாழை விவசாயி வீட்டில் பிறந்தவள் அவள். மண்ணைப் பற்றி இவரைவிட அவளுக்கு நூறு மடங்கு தெரியும். ஆனால் அவர் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விதைக்கு காந்தி மார்க்கெட் பக்கம் ஜெகபர் அலியின் கடை. கீரை விதையிலிருந்து தென்னைக்குப் போடுகிற உரம் வரை எல்லாம் உண்டு. ஸ்தனிஸ்லாஸ் போய் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். வெயில் தாங்குமா, மிதி தாங்குமா, எத்தனை நாளில் முளைக்கும், குத்துமா, வழுக்குமா? ஜெகபர் அலி பொறுமைசாலி. பொறுமை போனபிறகும் பொறுமையாகவே பேசினார்.

"மெக்சிகன் புல்லு அழகா இருக்கும் சார், ஆனா பத்தை பத்தையா வாங்கி நடணும். சேர்ந்து வர ஒரு வருஷம் இழுக்கும். உங்களுக்கு அவசரம்ங்கிறீங்க. அப்ப பெர்முடாதான். வெதைச்சுப் பத்து நாள்ல முளைப்பு. நம்ம வெயிலுக்கு அசையாது. ஆளு மிதிச்சா இன்னும் கெட்டியாப் பிடிக்கும், அல்லாவே சொன்னாலும் மண்ணை விடாது."

"பாக்கெட்ல எண்பத்தஞ்சு பெர்சன்ட் முளைக்கும்னு போட்டிருக்கு. நிஜமா?"

"போட்டிருக்கு சார்."

"சாம்பிள் குடுங்க. பாத்துட்டு வரேன்."

வீட்டில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கடுகைவிடச் சின்ன விதையில் நூறு எண்ணி, ஈரத்துணியில் சுருட்டிவைத்தார். ஒன்பது நாளில் எண்பத்தொன்று முளைத்தன. நாலு குறைவு. ஃபாக்டரியாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். காலண்டரில் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார், மறுபடி கடைக்குப் போனார்.

"கால் கிலோ குடுங்க. எண்பத்தொண்ணுதான் வருது."

ஜெகபர் அலி நிறுத்துக்கொண்டே சிரித்தார். "பேருதான் சார் பெர்முடா. இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பேரு இருக்கு..."

அதற்குள் போனில் அலாரம் அடித்தது. பதினொரு மணி மாத்திரை. ஸ்தனிஸ்லாஸ் பாக்கெட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்.

பிப்ரவரி பதினெட்டு அன்று, வட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே, நூல் பிடித்துக் கோடு கிழித்து வரிசை வரிசையாக விதைத்தார். புல்லை வரிசையாக விதைத்த ஆசாமி இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒரு நாளைக்கு மூன்று வேளை பூவாளியால் தண்ணீர். மாசி வெயில் பிளந்து கட்டியது. பத்தாம் நாள் பச்சைக் கோடுகள் தெரிந்தன. மார்ச் இருபது வாக்கில் கோடுகள் கலந்து, ஓடி, பின்னி, முன்வாசல் முழுக்கப் பச்சையாகிவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் வெறுங்காலோடு இறங்கி நின்றார். குத்தவில்லை. வழுக்கவில்லை. வேண்டுமென்றே தொப்பென்று உட்கார்ந்து பார்த்தார்; வலிக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவருக்கு அலுப்பு தெரியவில்லை.

லின்சி வாக்கரோடு வந்தாள். "ஆன்ட்டி, வாங்க, அங்கிள் எப்படிப் போட்டிருக்காரு பாருங்க. இறங்கி நாலு எட்டு நடப்போம்."

"நான் வரலை" என்றாள் அற்புதம்மாள்.

லின்சி கெஞ்சினாள், கொஞ்சினாள், கையைப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வாக்கரை அங்கேயே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஸ்தனிஸ்லாஸ் கட்டிலுக்கு எதிரே போய் நின்றார்.

"ஏன் வரமாட்டேங்குற?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள். வார்த்தைகள் குழறித்தான் வந்தன, ஆனால் நிற்காமல் வந்தன.

"ஆளில்லாத வீட்டு வாசல்லதாங்க புல்லு முளைக்கும். நாப்பது வருஷமா விடிஞ்சா அந்த வாசலைக் கூட்டித் தெளிச்சேன். ஒரு புல்லு தலைகாட்ட விட்டிருப்பேனா? இனிமே இவ எந்திரிச்சு வாசக் கூட்டப்போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டீங்க. வெதையை வாங்கி வெதைச்சே விட்டுட்டீங்க. கல்லறைமேல முளைக்கிறது என் வாசல்ல முளைச்சிருக்கு. அதுல நான் நடக்கணுமா?"

பாட்டில் பாட்டிலாக மண்ணை அளந்தவர், நூறு விதையை எண்ணியவர், இதை அளக்கவில்லையே! அவள் அந்த ஜன்னலில் உட்கார்ந்து ஒன்றரை மாதமாகத் தன் கல்லறைக்கு மண் சலிப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"எனக்கு முடியல அற்புதம்." அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீ விழுந்தா அடிபடக்கூடாதுன்னு போட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை. நடந்துடுவன்னு நினைச்சேன். வேணாம்னா சொல்லு, நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு மறுபடி சிமெண்ட் பூசிடுறேன். ஆனா எனக்கு முடியல. உடம்பு முடியல, மனசும் முடியல. உன்னைத் தூக்குறப்ப கீழ போட்டுடுவேனோன்னு தினம் பயந்துக்கிட்டுத்தான் தூக்குறேன்."

அழுகை வரவில்லை. அழக்கூடத் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. அற்புதம்மாள் இப்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாதமாகத் தன் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் அவர் உடம்பைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்து, பெல்ட்டில் புதிதாக ஆணியால் குத்திய ஓட்டை.

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் கஞ்சி குடிக்கும்போது அவளாகவே கேட்டாள்.

"அது என்ன புல்லு?"

"பெர்முடா."

"நல்ல ஜாதியா?"

"நல்ல ஜாதிதான். நான் பாத்துத்தான் எடுத்தேன்."

"நீங்க பாத்து எடுத்தா நல்லதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வாசலையே வெகுநேரம் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஸ்தனிஸ்லாஸ் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடியது நினைவிருக்கிறது. விழித்தபோது வெயில் சுவரில் சாய்ந்திருந்தது, மணி ஐந்தாகப் போகிறது. மூன்று மணி அலாரம் அடித்து ஓய்ந்துபோயிருந்தது. பதறி எழுந்து அறைக்குள் போனார்.

கட்டில் காலி.

கீழே பார்த்தார், பாத்ரூமில் பார்த்தார். "அற்புதம்! அற்புதம்!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினார். டிசம்பரில் சிமெண்டில் வழிந்த ரத்தம்தான் கண்ணுக்குள் நின்றது. நிலைப்படியில் லின்சியின் வாக்கர் கிடந்தது.

அற்புதம்மாள் புல்லின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். படியிலிருந்து பதினாலு அடி. அவர் கண் தானாகவே அளந்தது. எப்படி வந்தாள், நடந்தாளா, நகர்ந்தாளா, தெரியாது. புடவை முழுக்க மண். பக்கத்தில் சமையலறைக் கரண்டி ஒன்று. அவளைச் சுற்றி ஒரு முறம் அகலத்துக்குப் புல்லே இல்லை, வெறும் மண். பிடுங்கிப் போட்டது ஒரு குவியலாகக் கிடந்தது.

"கத்தாதீங்க, தெரு கேக்குது" என்றாள். மூச்சு வாங்கியது. "உங்களுக்குக் கண்ணு தெரியலையா? ஜன்னல்லேர்ந்தே எனக்குத் தெரிஞ்சுது. அந்த மண்ணுக்காரன் உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான். பாருங்க, அருகு!"

"என்னது?"

"அருகம்புல்லுங்க. ஆல்போல் தழைச்சு அருகுபோல் வேரோடணும்னு கல்யாணத்துல வாழ்த்துனாங்களே, அது இதுதான். எங்க கொல்லையில இதைப் பிடுங்கியே என் கை காய்ச்சுப்போச்சு. ஒரு கணு விட்டாப் போதும், ஊரையே பிடிச்சிடும். நீங்க பாடுபட்டுப் போட்ட புல்லை இது தின்னு தீத்துடும். உங்க உழைப்பெல்லாம் பாழாப்போகும். அதான் மனசு கேக்கலை."

ஸ்தனிஸ்லாஸ் அந்தக் குவியலைப் பார்த்தார். அந்த வாசலில் வேறு புல்லே கிடையாது. ஒவ்வொரு கிழங்கையும் வேரையும் அவரே சலித்து எறிந்திருந்தார். அவள் பிடுங்கிப் போட்டிருந்தது அவர் நூல் பிடித்து விதைத்த வரிசை. எண்ணி, ஈரத்துணியில் வைத்து, ஒரு மாதத்துக்கு மேல் பூவாளியால் தண்ணீர் ஊற்றி வளர்த்த பெர்முடா. ஜெகபர் அலி சொல்லவந்த பெயர் இதுதான். ரோட்டோரமெல்லாம் சும்மா கிடப்பதற்கு அவர் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்.

'அடியே, அதுதான் நான் போட்ட புல்லு' என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அதைக் கவனித்தார்.

அருகை ஒரு கையால் பிடுங்க முடியாது. மேலே படர்கிற கொடியை ஒரு கை இழுத்துப் பிடிக்கவேண்டும், மற்றக் கை அடியில் கரண்டியை விட்டு வேரைக் கிளப்பவேண்டும். அற்புதம்மாளின் வலது கை கரண்டியைப் பிடித்திருந்தது. கொடியைப் பிடித்திருந்தது இடது கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. கட்டைவிரலும் மற்ற இரண்டும், நடுங்கிக்கொண்டு, நழுவிக்கொண்டு, மறுபடி போய்ப் பிடித்துக்கொண்டு, அந்தக் கொடியை விடாமல் இழுத்தன. அவளுக்கு அது தெரியக்கூட இல்லை. அவள் கண் வேரில் இருந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார். படியில் உட்கார்ந்தார்.

"எப்படிங்க கவனிக்காம விட்டீங்க? எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பீங்களே?" என்றாள்.

"கவனிக்கலை" என்றார் ஸ்தனிஸ்லாஸ். முப்பத்துநாலு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னைக்கு இவ்வளவுதான் முடியும். நாளைக்கு அந்த ஓரம். சும்மா உக்காந்திருக்கீங்களே, கை குடுங்க, எந்திரிக்கணும்."

அவர் எழுந்துபோய்க் கையை நீட்டினார். அவள் வலது கையில் கரண்டி இருந்தது. கொஞ்சம் யோசித்து, மண் அப்பிய இடது கையைக் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலை ஜெகபர் அலி கடையைத் திறந்து சாமான்களை வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோதே ஸ்தனிஸ்லாஸ் போய் நின்றார். அவரைப் பார்த்ததும் ஜெகபர் அலி கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தார்.

"என்ன சார், முளைக்கலையா?"

"நல்லா முளைச்சுது."

"அப்புறம் என்ன சார்? நான் அன்னிக்கே சொல்லவந்தேன், உங்க போன் அடிச்சுது. அது நம்ம அருகம்புல்லோட ஜாதிதான் சார். உங்ககிட்ட மறைக்கணும்னு இல்லை..."

"தெரியும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "அரைக் கிலோ குடுங்க. ஒரு பக்கம் பிடுங்கப் பிடுங்க இன்னொரு பக்கம் முளைச்சுக்கிட்டே இருக்கணும்."

ஜெகபர் அலிக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கம்போல ஒரு பாக்கெட்டை எடுத்து, தேதியும் பெர்சன்டும் தெரிகிற பக்கமாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். ஸ்தனிஸ்லாஸ் அதைப் படிக்கவே இல்லை.

"நல்லா வேரோடுற விதையா பாத்துக் குடுங்க" என்றார். "ஒரு கையால பிடுங்க வரக்கூடாது."